என் பெயர் ஒட்டிய ரத்தம்

அம்மாவைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க என் அக்கா பெவர்லி தபாலில் நான்கு பெட்டிகள் வரவழைத்தாள்.

ஒவ்வொரு பெட்டியும் ஒரு சோப்புக்கட்டி அளவுதான். உள்ளே விரலைக் குத்த இரண்டு ஊசி, சுண்டுவிரல் நீளத்தில் கோடு போட்ட பிளாஸ்டிக் குப்பி ஒன்று, பிளாஸ்திரி, ஸ்டிக்கர்கள், தபால்தலை ஒட்டிய உறை. விரலைக் குத்திக் கோடு வரை ரத்தத்தைச் சொட்டவிட்டு அனுப்பினால், அதில் கொரோனாவின் ஆன்டிபாடி இருக்கிறதா என்று நான்கு நாளில் சொல்லிவிடுவார்கள். இருந்தால் நோய் வந்து போயிருக்கிறது. இல்லாவிட்டால் வரவில்லை. பெவ்வுக்கு அந்த இரண்டு வார்த்தை போதும்.

அம்மா ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஆஸ்பத்திரியில் செத்தாள். எங்களில் ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஒரு நர்ஸ் அம்மாவின் காதில் போனைப் பிடித்தாள். பெவ் பேசினாள், தம்பி க்ளென் அழுதான், நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தகனத்துக்குப் பத்துப் பேர், ஆளுக்கு ஆறடி தள்ளி நாற்காலி. சாம்பல் ஒரு பச்சை டப்பாவில் பெவ் வீட்டு அலமாரியில் இருந்தது.

அம்மா நோயில் விழுவதற்கு முந்திய மாதம் அவள் வீட்டுக்குள் நுழைந்தவர்கள் நாங்கள் நான்கு பேர் மட்டுமே. பெவ் கடைச் சாமான் கொண்டுபோனாள். க்ளென் வெந்நீர்க் கொதிகலனைப் பழுது பார்த்தான். க்ளெனின் மனைவி டோனா வாரம் இரண்டு முறை அம்மாவைக் குளிப்பாட்டினாள். நான் மீன் ஆலையில் இரவு வேலை முடிந்து வரும் வழியில் ஹேடக் மீன் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, ஒரு டீ குடித்துவிட்டுப் போவேன்.

டோனா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். அந்த இல்லத்தில் மார்ச், ஏப்ரலில் பதினோரு பேர் போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே யாரும் வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கையெழுத்துக்குத்தான் பெவ்வுக்கு ரத்தம் தேவைப்பட்டது.

பெவ் ஏன் அப்படி என்பதற்கு எங்கள் ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியில் கடலுக்குப் போகிற படகைப் பார்த்து யாரும் கை அசைக்க மாட்டார்கள். அசைத்தால் அலை வந்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்பார்கள். 1969 ஜனவரியில் அப்பா ஐஸ்லாந்துப் பக்கம் மீன் பிடிக்கப் போனபோது பெவ்வுக்கு வயது ஆறு. ஜன்னலில் நின்று கை அசைத்தாள். கப்பல் திரும்பவில்லை. அப்போது எனக்கு மூன்று வயது, க்ளென் வயிற்றில். அம்மாவுக்கு ஷெர்ரி ஒயின் இரண்டு கோப்பை ஏறினால் போதும், கிறிஸ்துமஸ் மேசையில் எல்லோர் முன்னாலும் சொல்வாள்: "இவ கை ஆட்டினா. அவரு போயிட்டாரு." பிறகு பெவ்வின் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு வைப்பாள். ஐம்பது வருடம் இது நடந்தது. ஐம்பது வருடமும் பெவ் அந்த உருளைக்கிழங்கைத் தின்றாள்.

எனவே இந்த முறை கொன்றவர் வேறு யாரோ என்று காகிதத்தில் அச்சாகி வர வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

போனில் எங்களுக்குச் சட்டம் சொன்னாள். "செப்டம்பர்ல படகு எடுத்து அம்மாவ அப்பாகிட்ட விடப்போறோம். நோயக் கொண்டுவந்து குடுத்தது யாரோ அவங்களுக்குப் படகுல எடமில்ல. சாம்பலத் தொடவும் விடமாட்டேன். ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு என் வீட்டு வாசப்படியும் மிதிக்க வேணாம்."

"சரி," என்றேன்.

மார்ச் பதினெட்டாம் தேதி எனக்கு இருமல் வந்தது. இரண்டு நாள் காய்ச்சல். ஆலையில் முதல் மூன்று நாள் நோய்க்குச் சம்பளம் கிடையாது; வேலைக்குப் போனேன். முடிந்ததும் வழக்கம்போல அம்மா வீட்டுக்கும் போனேன். மீனைக் கொடுத்தேன். அவள் டீக்குத் தண்ணீர் சுடவைக்க, நான் அவள் தோளுக்கு மேலே இருமினேன். "சளியாடா ரஸ்?" என்றாள். "ஆலைல குளிரு," என்றேன். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு பெவ்வின் சமையலறையில் கூடினோம். நான் மூன்று மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். பெவ் மேசைக்குப் பிளாஸ்டிக் விரித்து, அம்மாவின் நான்கு முட்டைக் கிண்ணங்களை வரிசையாக வைத்திருந்தாள். கோழி உருவத்தில், ஒரு முட்டை நிற்கிற அளவுக்குச் செய்தவை. குப்பி சாயாமல் நிற்க அதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது. ஒவ்வொரு கோழிக்கும் முன்னால் அவரவர் பெட்டி, பெயரும் பார்கோடு எண்ணும் எழுதிய படிவம். அலகு உடைந்த கோழி எனக்கு.

"இதுல வேகவச்ச முட்டை தின்னிருக்கோம்," என்றான் க்ளென்.

"இப்ப ரத்தம் வைக்கிறோம். பேசாம கைய வெந்நீர்ல முக்கு," என்றாள் பெவ்.

முதலில் அவளே குத்திக்கொண்டாள். முகம் அசையவில்லை. சொட்டுச் சொட்டாகக் கோடு வரை நிரப்பி, மூடியை அழுத்தி, பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்து, முதல் கோழியில் வைத்தாள். க்ளென் ஊசியைப் பார்த்ததும் வெளுத்துப் போனான்.

"லாரி ஓட்டறவனப் பாரு," என்றேன்.

"லாரிக்கு ஊசி போடச் சொல்லல யாரும்."

டோனா சிரித்தாள். தான் குத்தியபோது தண்ணீர்க்குழாயைத் திறந்தது மாதிரி வந்தது அவளுக்கு. ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டாள். "எங்க வீட்ல எல்லாருக்கும் நல்ல ரத்தம்," என்றாள். பெவ் அவளைப் பார்க்காமல் துடைக்கிற துணியை மடித்தாள்.

என் முறை வந்தது. மோதிர விரலின் ஓரத்தில் ஊசியை வைத்து அழுத்தினேன். டக்கென்ற சத்தம். ஒன்றும் வரவில்லை. ஒரு செம்புள்ளி கிளம்பி அப்படியே நின்றது. பனிக்கட்டியில் கிடக்கிற மீனை இருபத்தாறு வருடம் அறுத்த கை. விரல் நுனியில் தோல் இல்லை, தோல் பெல்ட் இருக்கிறது. இரண்டாவது ஊசியையும் குத்தினேன். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது.

"செத்த மீனக் குத்தினாக்கூட இதவிட வரும்," என்றான் க்ளென்.

"குடு இங்க." டோனா நாற்காலியை இழுத்துப் போட்டு என் கையை எடுத்துக்கொண்டாள். பாத்திரத்து வெந்நீரை மாற்றினாள். மணிக்கட்டு வரை முக்கி, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். கிழவர்களின் கைகளைத் தேய்த்துத் தேய்த்துப் பழகிய கை அது. "ஐஸ்ல வச்ச காட் மீன் மாதிரி இருக்கு உன் கை. எந்திரி, நின்னுக்கோ, தோளத் தளர்த்து. என்னைப் பாரு, விரலப் பாக்காத." உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரை மெதுவாக உருவினாள். ரத்தம் மனமில்லாமல் வந்தது. இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. கோட்டைத் தொட்டதும், "பாத்தியா, உனக்கும் இருக்கு," என்று பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள்.

நான் நன்றி சொன்னேன். குப்பியில் இருந்த என் ரத்தத்தைப் பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"ரஸ், ஸ்டிக்கர நீ ஒட்டு," என்றாள் பெவ். "ராவெல்லாம் அதானே பண்ற. எனக்குக் கண்ணாடி எங்கன்னு தெரியல." சொல்லிவிட்டு மாடிக்குத் தேடப் போனாள். க்ளெனும் டோனாவும் புகைக்கப் பின்வாசலுக்குப் போனார்கள்.

எங்கள் ஆலையில் அறுத்த மீன் தொட்டி தொட்டியாக நகரும். ஒவ்வொரு தொட்டியிலும் அறுத்தவனின் எண் போட்ட சீட்டு ஒட்டியிருக்கும். உன் தொட்டியில் முள்ளோ புழுவோ இருக்கிறது, சோதனைக்காரன் வருகிறான் என்றால் தொட்டியை நகர்த்த முடியாது, நாற்பது கிலோ. சீட்டைத்தான் நகர்த்துவாய். உன் சீட்டு பக்கத்துத் தொட்டிக்கு, பக்கத்துச் சீட்டு உனக்கு. ஈரக் கையால் இரண்டு நொடி வேலை. பக்கத்தில் இருக்கிறவன் மாட்டுவான். எல்லோரும் செய்திருக்கிறோம். எல்லோரும் மாட்டியும் இருக்கிறோம்.

அதைத்தான் செய்தேன். டோனாவின் பார்கோடு ஸ்டிக்கரை உரித்து என் குப்பியில் ஒட்டினேன். என்னுடையதை அவள் குப்பியில் ஒட்டினேன். எட்டு இலக்க எண்ணை யார் படிக்கப் போகிறார்கள். குப்பிகளை ஸ்டிக்கரில் உள்ள எண்ணின்படி அந்தந்தப் பெட்டிக்குள் வைத்தேன். அவளுக்கு எப்படியும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நனைந்தவள் மேல் இன்னொரு வாளி, அவ்வளவுதான்.

நிமிர்ந்தால் டோனா பின்கதவில் நின்றுகொண்டிருந்தாள்.

"லைட்டர் விட்டுட்டேன்," என்றாள். தோளில் கைப்பை தொங்கியது. மேசையிலிருந்த லைட்டரை எடுத்தாள். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அழுத்தி ஒட்டினியா? ஈரக் கையோட ஒட்டினா உரிஞ்சு வந்துரும்."

"ஒட்டிட்டேன்."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அது வரை அது திறந்திருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முடிவுகள் வெள்ளிக்கிழமை பெவ்வின் மின்னஞ்சலுக்கு வந்தன. படித்துப் பார்க்காமலே அச்செடுத்து மடித்து வைத்து, ஞாயிறு மதியம் தோட்டத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, தாளை எடுத்து வந்து படித்தாள். அடுப்பில் மாட்டிறைச்சி வெந்து குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது.

"பெவர்லி. இல்லை." மூச்சு விட்டாள். ஐம்பத்தொரு வருடத்து மூச்சு.

"க்ளென். இல்லை."

தாளைத் திருப்பினாள். டோனாவை நேராகப் பார்க்கத் தயாராகிக் கொண்டிருந்தாள், தோள் விறைத்தது.

"டோனா..." நின்றாள். மறுபடி பார்த்தாள். "இல்லை."

க்ளென் மனைவியின் முழங்காலைப் பிடித்தான். எனக்கு முதலில் புரியவில்லை. டோனாவின் பெயரில் போனது என் ரத்தம். என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மார்ச்சில் எனக்கு வந்தது வெறும் சளி. நான் அம்மாவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு நொடி, சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷத்தில் எழுந்து நிற்கப் பார்த்தேன்.

"ரஸ்ஸல்," என்று படித்தாள் பெவ். "இருக்கு."

பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டியை நிறுத்தினார்கள்.

"டேய், நீயா?" என்றான் க்ளென். "நாலு மாசமா அவள ஒரு மாதிரி பாத்துக்கிட்டு இருந்தோமேடா. நீயும்தானேடா பாத்த."

"தப்பா இருக்கலாம். இந்த டெஸ்ட்டெல்லாம் அவ்வளவு..."

"எந்திரி," என்றாள் பெவ்.

"பெவ், கேளு..."

"எந்திரிச்சுப் போ. உன் பங்குக் கறிய நாய்க்குப் போடறேன்."

டோனா தான் குத்திக்கொண்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளுடைய முதியோர் இல்லத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு அருகில், இடைவேளைக்கு அவள் வெளியே வரும்வரை காத்திருந்தேன். முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு சிகரெட் பற்றவைத்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"நீ பாத்த," என்றேன்.

"இங்க வர்றதுக்கு முன்னால அந்த ஆலைல ஒம்போது வருஷம் உன் பக்கத்துத் தொட்டிகிட்ட நின்னேன் ரஸ். சீட்டு மாத்தறது எனக்குத் தெரியாதா? சொல்லிக் குடுத்ததே நீதான்."

"ஏன் அப்பவே கேக்கல?"

"நீ ஏன் மாத்தின?"

அவள் புகையை என் பக்கம் வராமல் ஊதினாள், பழக்கம்.

"ஜூன்லயே எங்க எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க," என்றாள். "எனக்கு இருக்குன்னு தாள் வந்துது. எனக்குக் காய்ச்சலுமில்ல, இருமலுமில்ல, ஒரு மயிரும் தெரியல. நான்தான் உங்கம்மாவக் குளிப்பாட்டினேன். என் மூஞ்சிக்கும் அவங்க மூஞ்சிக்கும் இவ்வளவு தூரம். மூணு வாரம் தூங்கல. அந்தத் திங்கக்கெழம தாள் என் பைல இருந்துச்சு. ரத்தம் குடுத்து முடிச்சதும் எடுத்து மேசைல வைக்கணும், என் வாயாலயே சொல்லணும்னு க்ளென்கிட்ட வெளிய நின்னு சொல்லப் போனேன். அதுக்கு முன்னால ஒரு சிகரெட்டு. லைட்டர் இல்ல."

"இப்ப சொல்லலாமே."

"சொல்லலாம்." சாம்பலைத் தட்டினாள். "இருபது நிமிஷம் உன் கையத் தேச்சேன். அந்த ரத்தத்த எடுத்து என் தலைல ஊத்தப் பாத்த. சரி, உன் பேர என் ரத்தத்துல ஒட்டின. ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும்."

"டோனா..."

"ஆலைலயும் இதானே வழக்கம்? சீட்டு யாருதோ அவன்தான் மாட்டணும். போ. எனக்கு மாடில ஒரு கெழவியத் திருப்பிப் படுக்க வைக்கணும்."

வாரம் முழுவதும் யோசித்தேன். பிறகு பெவ்வின் வீட்டுக்குப் போய், சங்கிலி போட்ட கதவு இடுக்கு வழியாக எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர், தொட்டி, டோனாவின் தாள். மறுபடி ஒரு பெட்டி வரவழை, உன் முன்னாலேயே குத்துகிறேன், நீயே ஒட்டு என்றேன். முடித்ததும் கேட்டாள்.

"எதுக்கு மாத்தின?"

"எனக்கு இருக்கும்னு நெனச்சேன்."

"ஏன் நெனச்ச?"

வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "மார்ச்ல இருமல் இருந்துது."

"இருமலோட அம்மா வீட்டுக்குப் போன."

"அது வெறும் சளிதான் பெவ். அதுதான் டெஸ்ட்டுலயே..."

"அது சளின்னு உனக்கு இப்பத்தான் தெரியும்." இடுக்கில் அவளுடைய ஒரு கண்ணும் பாதி வாயும் மட்டும் தெரிந்தன. "அப்ப தெரியாது. டிவில ராப்பகலா சொன்னாங்க, கெழவங்க பக்கம் போகாதீங்கன்னு. நீ நெஞ்சுல அதோட போய் அவ கழுத்துல இருமிட்டு டீ குடிச்சிட்டு வந்திருக்க. நாலு மாசம் அம்மாவக் கொன்னது நான்தான்னு நெனச்சுக்கிட்டே என் வீட்ல உக்காந்து சாப்பிட்டிருக்க. அப்புறம் அதத் தூக்கி டோனா மேல போட்டிருக்க."

"டோனாதான் பெவ். அவளுக்குத்தான் இருந்துது."

"அவ தெரியாம குடுத்திருப்பா. நீ தெரிஞ்சு போன. எனக்கு இந்த ரத்தமெல்லாம் இனிமே வேணாம்." சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு வயசுல நான் கை ஆட்டினேன். எனக்குத் தெரியாது. என்னை யாராச்சும் விட்டாங்களா?"

கதவு சாத்திக்கொண்டது. சங்கிலி உள்ளே ஆடுகிற சத்தம் கேட்டது.

டோனாவிடம் அவள் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் படகு நாளில் அது தெரிந்திருக்கும். செப்டம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை, நல்ல வெயில். க்ளெனின் நண்பன் ஒருவனுடைய சின்ன மீன்பிடிப் படகு. எந்த நேரத்துக்குத் தண்ணீர் ஏறும், எப்போது துறைமுக மதகைத் திறப்பார்கள் என்று இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான் இரவு வேலை முடிந்து தூங்காமல், கடலுக்குள் நீளும் கல்பாலத்தின் நுனியில் போய் நின்றேன்.

படகு என்னைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். முப்பது அடி தூரம் இருக்கும். படகுக்காரன் சுக்கானில் இருந்தான். க்ளென் கருப்பு டையோடு உட்கார்ந்து என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தான். டோனா அவன் பக்கத்தில். பச்சை டப்பா அவள் மடியில் இருந்தது. பெவ்தான் கொடுத்திருக்க வேண்டும். அவள் அதை இரண்டு கையாலும், குளிப்பாட்டும்போது அம்மாவைப் பிடிப்பதுபோல, நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணை விலக்கவில்லை.

பெவ் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கரைக்கு முதுகு காட்டித்தான் நின்றாள். இங்கே பெண்கள் அப்படித்தான் நிற்பார்கள். படகு கல்பாலத்தைத் தாண்டி முதல் அலையில் மூக்கைத் தூக்கியபோது தடுமாறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அப்போது என்னைப் பார்த்தாள்.

நான் கையைத் தூக்கினேன். குத்திய விரல் உள்ள கை. அவள் தலையை வேகமாக ஆட்டினாள், வேண்டாம் என்று. வாய் ஏதோ சொன்னது. இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

நிதானமாக, அகலமாக, தோளிலிருந்து கை அசைத்தேன். ஜன்னலில் நிற்கிற குழந்தை அசைக்கிற மாதிரி. அவள் தன் இரண்டு கையையும் காற்றில் நீட்டி என் கையை அங்கிருந்தே பிடித்து நிறுத்தப் பார்த்தாள். படகு போய்க்கொண்டே இருந்தது. அவள் முகம் எனக்குத் தெரியாத தூரம் போகும் வரை நான் நிறுத்தவில்லை.